நாற்பத்தொரு விநாடி

ஐந்து இருபதுக்குத்தான் படச்சுருள் லேபிலிருந்து வந்தது. நாலரைக்கே வந்திருக்க வேண்டும். தகர டப்பாவைத் திறந்தபோது உள்ளே இன்னும் வெதுவெதுப்பு இருந்தது, மருந்து நெடி மூக்கில் ஏறியது. பசுபதி வெள்ளைப் பருத்தி உறைகளைக் கைகளில் மாட்டிக்கொண்டு, சுருளின் முனையைப் பிடித்துப் பார்வைக் கருவியின் பல்சக்கரங்களில் கோத்தான். சுவர்க் கடிகாரத்தை அவன் பார்க்கவில்லை. தொலைக்காட்சி ஊருக்கு வந்த நாளிலிருந்து நான்கு வருடமாக இந்த அறையில் படம் வெட்டி ஒட்டுகிறான். கடிகாரம் பார்க்காமலே மணி தெரிய அவன் பழகியிருந்தான்.

ஏழரைக்குத் தமிழ்ச் செய்தி. அது முடிந்ததும், வெள்ளிக்கிழமை தோறும் ஏழே முக்காலுக்கு ஒரு செய்திச் சித்திரம். இந்த வாரம் அதற்கு மூன்றரை நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். ஒரு விநாடி கூடினாலும் அடுத்த நிகழ்ச்சி முட்டும். ஏழு மணிக்குள் முழுப்படமும் ஒட்டி முடித்து, கீழே ஒளிபரப்பு அறைக்குப் போய்விட வேண்டும்.

செவ்வாய்க்கிழமை காலை பாசிர் பாஞ்சாங்கில் ஒரு சரக்குக் கிட்டங்கிக்கு அடித்தளம் தோண்டிய இடத்தில் குழி சரிந்து மூன்று பேர் செத்துப்போயிருந்தார்கள். மூவரும் தமிழர்கள். செய்தியில் அன்றைக்கே நாலு வரி சொல்லியாகிவிட்டது. இது அந்த நாலு வரிக்குப் பின்னால் இருந்த ஆட்களைப் பற்றியது. நிருபர் அப்துல் அலீம் காலையிலிருந்து அலைந்து எடுத்துக்கொண்டு வந்திருந்தான். இருபத்து நாலு வயது. காற்சட்டையின் முழங்கால் வரை செம்மண் காய்ந்து கிடக்க, குறிப்பேட்டைக் கையில் வைத்துக்கொண்டு பசுபதியின் முதுகுக்குப் பின்னால் நின்றான்.

"மொதல்ல குழி வரும்ணே. அப்புறம் கொட்டாய். கடைசியா அந்தம்மா."

குழி வந்தது. அரைக்குழிக்குச் சேற்றுநீர். மழை இன்னும் விடாமல் விழுந்து நீரில் புள்ளி புள்ளியாக வட்டம் போட்டுக்கொண்டிருந்தது. கேமராக்காரர் நூர்தீன் அவசரக்காரர் இல்லை. எதைக் கண்டாலும் அதன் மேல் நின்று நிதானித்து எடுப்பார். தகரக் கொட்டகையின் ஆணியில் மூன்று தூக்குச்சட்டிகள் மாட்டியிருந்தன. செத்தவர்களுடையவை, யாரும் எடுத்துப் போகவில்லை. நூர்தீன் அவற்றின் மேல் பன்னிரண்டு விநாடி நின்றிருந்தார். பசுபதி மெழுகுப் பென்சிலால் ஓரத்தில் கோடு போட்டான். ஐந்து விநாடி. அதற்குக் குறைந்தால் அவை யாருடையவை என்று பார்ப்பவர்களுக்கு உறைக்காது. கூடினால் நாம் வேண்டுமென்றே காட்டுகிறோம் என்று தெரிந்துவிடும்.

அவனுக்கு இந்தக் கணக்கு யாரும் சொல்லிக்கொடுத்து வந்ததில்லை. ஒரு முகத்தை எப்போது விட வேண்டும் என்பது அவன் விரலுக்குத் தெரியும். பேச்சு முடிந்ததும் மற்றவர்கள் அந்த இடத்தில் வெட்டுவார்கள். பசுபதி இன்னும் இரண்டு விநாடி விட்டுவைப்பான். பேசி முடித்த மனிதன் தன்னை யாரும் கேட்கவில்லை என்று நினைத்துக்கொள்ளும் அந்த இரண்டு விநாடியில்தான் முகம் திறக்கும் என்று அவன் கண்டுபிடித்திருந்தான். ஆங்கிலப் பிரிவிலிருந்தும் சீனப் பிரிவிலிருந்தும் அவன் வெட்டிய படத்தைப் பார்ப்பதற்கென்றே சிலர் கீழே வந்து நிற்பார்கள்.

கடைசியாக அந்தப் பெண் வந்தாள். செத்தவர்களில் ஒருவரான காத்தமுத்துவின் மனைவி, ரத்தினம்மா. முப்பது, முப்பத்திரண்டு வயதிருக்கும். தேக்காவில், கீழே கடையும் மேலே குடியிருப்புமான ஏதோ ஒரு கடைவீட்டின் பின்கட்டு. பின்னால் கொடியில் துணி. கைகளைக் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் எழுப்பி நிறுத்திய பிள்ளை மாதிரி நின்று, கேமராவைப் பார்க்காமல் அலீமின் காதோரத்தைப் பார்த்துப் பேசினாள்.

"என் பேரு ரத்தினம்மா. எங்க வீட்டுக்காரரு பேரு காத்தமுத்து. திங்கக்கெழம சாயங்காலம் ஆறரை மணிக்கு அவரு வேலை விட்டு வந்தாரு. குழிக்குள்ள மண்ணு சரியாம முட்டுக் குடுத்திருந்த பலகைய மேஸ்திரி வேலாயுதம் உருவி, பக்கத்துக் குழிக்கு எடுத்துட்டுப் போயிட்டாருன்னு சொன்னாரு. மழையா இருக்கு, பலகை இல்லாம எறங்க மாட்டோம்னு எட்டுப் பேரும் மேஸ்திரிகிட்ட சொல்லியிருக்காங்க. எறங்காதவன் நாளைலேருந்து வர வேணாம்னு மேஸ்திரி வேலாயுதம் சொல்லியிருக்காரு. செவ்வாக்கெழம காலைல ஏழு மணிக்கு எறங்கினாங்க. ஏழே காலுக்கு மண்ணு விழுந்துருச்சு."

ஏற்ற இறக்கமே இல்லாத குரல். நடுவில் தெருவில் ஒரு லாரி வேறு போயிற்று. போலீஸ் நிலையத்தில் எழுதிக்கொடுத்ததைப் படிக்கிறாள் போல இருக்கிறது என்று பசுபதி நினைத்தான்.

அப்புறம் அலீமின் குரல், சும்மா பேச்சை முடிக்கக் கேட்டது போல: "புள்ளைங்க எத்தனை பேரும்மா?"

"ஒண்ணு. பொம்பளப் புள்ள."

"அப்பா எங்கன்னு கேக்குதா?"

அவள் வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. கட்டியிருந்த கை அவிழ்ந்தது. முந்தானையை எடுத்து வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். தோள் இரண்டு முறை குலுங்கிற்று. பிறகு முதல் முறையாக நேரே கேமராவைப் பார்த்தாள். ஒன்பது விநாடி. நூர்தீன் அசையாமல் பிடித்திருந்தார்.

பசுபதி கருவியை நிறுத்தினான். முடிவு கிடைத்துவிட்டது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. இனி இந்த ஒன்பது விநாடிக்கு எப்படிப் போய்ச் சேருவது என்பதுதான் வேலை.

"முன்னால பேசுறாங்களே, பேரெல்லாம் சொல்லி. அது வேணுமா அலீம்?"

"டைம் இருந்தா வைங்கண்ணே. அந்தம்மா அதச் சொல்றதுக்குத்தான் கேமரா முன்னால நிக்குறேன்னு சொன்னாங்க லா." அலீம் மணியைப் பார்த்தான். "நான் போயி வர்ணனை பதிஞ்சிட்டு வந்துர்றேன்."

அவன் போனதும் பசுபதி வேலையில் இறங்கினான். துண்டு துண்டாக வெட்டி, தலைக்கு மேலே கம்பியில் வரிசையாக இருந்த ஊசிகளில் மாட்டினான். வால்கள் கீழே துணிப்பைக்குள் சுருண்டன. இந்த வகைப் படத்தில் ஒலி, படத்துக்கு ஒரு விநாடி முன்னால் பதிவாகியிருக்கும். சொல் முடியும் இடத்தில் கத்தரித்தால் முகம் முடியாது, முகத்தில் கத்தரித்தால் அடுத்த சொல்லின் தலை ஒட்டிக்கொண்டு வரும். ஒவ்வொரு ஒட்டுக்கும் பசையைச் சுரண்டி, பூசி, அழுத்தி, காயும் வரை மூச்சைப் பிடித்திருக்க வேண்டும். ஆறே கால் ஆனபோது படத்தின் முதல் தொகுப்பு முழுசாக முடிந்தது. அளந்து பார்த்தான். நாலு நிமிடம் எட்டு விநாடி.

முப்பத்தெட்டு விநாடி போக வேண்டும்.

குழியைக் குறைத்துப் பார்த்தான். ஏழு விநாடிதான் மிச்சமாயிற்று. தூக்குச்சட்டிகளைத் தொட மனம் வரவில்லை. அடுத்த வீட்டுக்காரர்கள் நிற்பதை எடுத்துப் பார்த்தான், நாலு விநாடி. மேஸ்திரியைப் பற்றிப் பேசும் இடத்தை மறுபடி ஓட்டினான். நாற்பத்தொரு விநாடி. பாதியாகக் குறைக்கலாமா என்று பார்த்தான். மூச்சு விடாமல் பேசியிருந்தாள், எங்கே கத்தரித்தாலும் சொல் வெட்டுப்பட்டது. லாரிச் சத்தம் கேட்டது. அதன் பின் வரும் அந்த அழுகைக்கு முன்னால் இந்த ஒப்பிப்பு இருந்தால் அழுகையின் கனம் குறைந்தது. இதை எடுத்துவிட்டு, தூக்குச்சட்டியிலிருந்து நேரே 'புள்ளைங்க எத்தனை பேரும்மா' என்ற கேள்விக்குப் போய்ப் பார்த்தான். கையில் மயிர் கூச்செறிந்தது.

கத்தரித்தான். இருபத்தைந்து அடி நீளத் துண்டு துணிப்பைக்குள் விழுந்தது.

அலீம் திரும்பி வந்தபோது ஆறு ஐம்பது. முழுப்படத்தையும் ஓட்டிக் காட்டினான். கடைசி ஒன்பது விநாடியும் போய் வெள்ளைத் திரை வந்ததும் அலீம் மூக்கை உறிஞ்சிக்கொண்டான்.

"அந்தப் பேச்சு..." என்று ஆரம்பித்தான்.

"நேரமில்ல."

அலீம் தலையாட்டினான். பசுபதி சுருளைத் தூக்கிக்கொண்டு படியில் ஓடினான்.

அன்று ஒளிபரப்பு அறையில் படம் முடிந்ததும் தமிழ்ப் பிரிவுத் தலைவர் தங்கராஜு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே வெளியே வந்து, "மிஸ்டர் பசுபதி, இதுதான் படம்" என்று சொல்லிவிட்டுப் போனார். வீட்டில் மனைவி கமலாம்பிகை சோற்றை மூடி வைத்துவிட்டுக் காத்திருந்தாள்.

"பக்கத்து வீட்டுச் சீன அம்மாவும் அழுதிட்டா. பாஷை விளங்காமலே அழுதவா. என்ரை மனுசன் செய்த படமெண்டு சொன்னன்," என்றாள். "அந்தப் பெட்டையின்ரை கண்ணை என்னாலை மறக்க ஏலாமல் கிடக்கு."

"ம்," என்றான் பசுபதி. நன்றாகப் பசித்தது. இரண்டு முறை சோறு போட்டுக்கொண்டு சாப்பிட்டான்.

திங்கட்கிழமை பதினொரு மணிக்கு வாசல் காவலர் தொலைபேசியில் அழைத்தார். ஓர் அம்மா வந்திருக்கிறாள், படம் வெட்டியவரைப் பார்க்க வேண்டும் என்கிறாள். நிருபரைச் சொல்கிறாளா என்று கேட்டதற்கு, இல்லை, நிருபர்தான் அவரைப் பார் என்று அனுப்பினாராம்.

காவலர் சாவடியின் பெஞ்சில் உட்காராமல் ரத்தினம்மா நின்றுகொண்டிருந்தாள். திரையில் தெரிந்ததைவிடக் குட்டையாக இருந்தாள். நகக்கண்ணெல்லாம் மஞ்சள் ஏறியிருந்தது. மசாலா அரைக்கும் மில்லில் வேலை போலும். கறுப்பு வெள்ளைப் படத்தில் அது தெரிந்திருக்கவில்லை.

"நீங்கதான் வெட்டுறவரா?"

"ஆமாம்மா. உட்காருங்க."

"நான் அழுததப் போட்டீங்க. சொன்னதப் போடலயே சார்."

சண்டை பிடிக்கிற குரல் இல்லை. கடையில் நிறுவை குறைந்ததை எடுத்துச் சொல்கிறவள் போலக் கேட்டாள். பசுபதி நேரத்தைப் பற்றிச் சொன்னான். மூன்றரை நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது, லாரிச் சத்தம் இருந்தது, பார்க்கிறவர்களுக்கு மனதில் தைக்க வேண்டும். சொல்லச் சொல்ல ஒவ்வொன்றும் அவன் வாயிலேயே சுருங்கியது.

"அந்தத் தம்பி வெள்ளிக்கெழம வர்றேன்னு சொன்னதுலேருந்து ரெண்டு நாளு சொல்லிச் சொல்லிப் பாத்தேன் சார். அழுதுட்டா சொல்ல வராதுன்னு, அழாம சொல்லணும்னு. கெழமை, மணி, பேரு எதுவும் மாறக் கூடாதுன்னு. அந்தத் தம்பி கடைசில புள்ளையப் பத்திக் கேட்டுட்டாரு. இராமசாமி அண்ணன்னு ஒருத்தரு. எங்க வீட்டுக்காரரு கூட குழியில எறங்கினவரு. கடைசி ஆளா ஏணியில நின்னதால பொழச்சாரு. பலகைய உருவினத அவரு கண்ணால பாத்தவரு. போலீசுல ஒண்ணும் சொல்லல, பயம். 'நீ மொதல்ல டிவியில பேரச் சொல்லிரு தங்கச்சி, ஊருக்கே தெரிஞ்சிட்டா அப்புறம் என்னை ஒண்ணும் பண்ண முடியாது, நான் கோர்ட்டுல வந்து சொல்றேன்'னாரு. வெள்ளிக்கெழம ஃபேரர் பார்க் பக்கத்துல சமூக நிலையத்துல எல்லாரும் உக்காந்து பாத்திருக்காங்க. அவரும் பாத்திருக்காரு. மேஸ்திரியும் பாத்திருக்காரு."

காவலர் வானொலியின் சத்தத்தைக் குறைத்தார்.

"நான் பேரச் சொல்லலன்னு இராமசாமி அண்ணன் எந்திரிச்சுப் போயிட்டாரு. இப்பப் பாத்தா மொகத்தத் திருப்பிக்கிறாரு. மேஸ்திரிகிட்ட காசுக்குக் கை நீட்டிட்டேன்னு எங்க வீட்டு வரிசையில பேசுறாங்க. புருசன் செத்த ஈரங்கூடக் காயல, அதுக்குள்ளன்னு. தண்ணிக் கொழாயில என்கூட யாரும் நிக்குறதில்ல." அவள் முதல் முறையாக அவனை நேரே பார்த்தாள். "அந்தப் பிலிமு இருக்கா சார்? இராமசாமி அண்ணன் ஒருத்தருக்குப் போட்டுக் காட்டினாப் போதும்."

துணிப்பை இன்னும் காலியாக்கப்படவில்லை. மேசைக்கடியில் இரண்டு மூட்டை வெட்டுத்துண்டுகளில் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஒரு மணி நேரத்தில் அதைக் கண்டுபிடித்தான். கருவியில் கோத்து ஓட்டினான். வெள்ளிக்கிழமை கேட்ட அளவுக்கு லாரிச் சத்தம் இல்லை. 'பக்கத்துக் குழிக்கு' என்ற இடத்தில் கொஞ்சம் உறுமிற்று, அவ்வளவுதான். மேஸ்திரி வேலாயுதம் என்று அவள் இரண்டு முறை சொன்னது இரண்டு முறையும் தெளிவாகக் கேட்டது. கட்டியிருந்த கையின் விரல்கள், முழங்கைக்குப் பக்கத்தில், தன் சதையையே பிடித்துக் கிள்ளிக்கொண்டிருந்தன. அழாமல் இருக்கக் கிள்ளியிருக்கிறாள். முகத்தை மட்டும் பார்த்து வெட்டிய அவன் அதைப் பார்க்கவில்லை.

பசுபதி போய்ச் சொன்னதைத் தங்கராஜு பொறுமையாகக் கேட்டார்.

"நல்ல வேளை வெட்டினீங்க. அது மட்டும் போயிருந்தா இந்நேரம் வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கும். நான் பாக்காமலே நீங்க யோசிச்சிருக்கீங்க, அதான் எக்ஸ்பீரியன்ஸ்."

"நான் அதுக்காக வெட்டல சார்."

"எதுக்காகவோ. வெளியாளக் கூட்டிட்டு வந்து படம் காட்டுறதெல்லாம் முடியாது. கோர்ட் எழுதிக் கேட்டா அனுப்புவோம். கேக்கலன்னா நாமளா போகக் கூடாது. உங்களுக்கு அடுத்த மாசம் வேலை நிரந்தரமாகுற கன்ஃபர்மேஷன் பேப்பர் வருதில்ல?" கையை நீட்டி, சுருட்டியிருந்த துண்டை வாங்கி, தன் அலமாரியில் வைத்துப் பூட்டினார். வன்மம் ஒன்றும் இல்லை. சாவியைப் பையில் போட்டுக்கொண்டே பசுபதியின் மனைவியின் உடல்நிலையை விசாரித்தார்.

இராமசாமியைத் தேடிப் போக மூன்று நாள் ஆயிற்று. மூன்று நாளும் ஒவ்வொரு வேலை இருந்தது. ரோவல் ரோட்டில் ஒரு கடைவீட்டின் மாடி. ஒரே கூடத்தில் பதினாறு கட்டில், ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் ஆணியடித்து மாட்டிய சட்டை. ஆறு மணி. ஆட்கள் குளித்துவிட்டு ஈரத்துண்டோடு நின்றார்கள். இராமசாமி ஐம்பதைத் தொட்ட மெலிந்த மனிதர். வேலைக்குப் போய் வந்த சேறு கால்விரல் இடுக்கில் இன்னும் இருந்தது. அதே மேஸ்திரியிடம்தான் இப்போதும் வேலை.

பசுபதி தன்னைச் சொல்லிக்கொண்டான். "அந்தம்மா பேரச் சொன்னாங்க. ரெண்டு தடவ சொன்னாங்க. நான்தான் வெட்டிட்டேன். அவங்க மேல தப்பில்ல."

இராமசாமி கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"மேலேருந்து சொன்னாங்களா?"

"இல்ல."

"மேஸ்திரி ஆளு யாராச்சும் வந்தாங்களா?"

"யாரும் வரல. நேரம் பத்தல."

"எவ்ளோ நேரம் பத்தல?"

பசுபதி சொன்னான். இராமசாமி அதை மனதுக்குள் நிறுத்துப் பார்ப்பது போல இருந்தது. பக்கத்துக் கட்டில்காரன் எழுந்து வெளியே போனான். அவன் காலடி படியில் இறங்கித் தேயும் வரை காத்திருந்து, குரலைத் தாழ்த்தினார்.

"சார், நான் உங்களக் கொற சொல்லல. நானும் வாய மூடிக்கிட்டு எறங்கினவன்தான். வர்ற புதன்கிழம மரண விசாரணை. கோர்ட்டுல கடைசில, வேற யாருக்காச்சும் தெரியுமான்னு கேப்பாங்களாம். நீங்க சர்க்கார் உத்தியோகம், இங்கிலீஷ் தெரியும். நீங்க எந்திரிச்சு, இந்தம்மா அன்னைக்கே பேரச் சொல்லிச்சு, பிலிமு எங்ககிட்ட இருக்குன்னு மட்டும் சொல்லுங்க. நீங்க எந்திரிச்சா நான் ஒங்க பின்னாலயே எந்திரிக்கிறேன். தனியா என்னால ஆகாது."

"வர்றேன்," என்றான் பசுபதி.

"எந்திரிப்பீங்களா?"

"எந்திரிக்கிறேன்."

புதன்கிழமை உடம்பு சரியில்லை என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் போனான். கமலாம்பிகையிடம் முதல்நாள் இரவே சொல்லியிருந்தான். அவள் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டே, "உங்கடை வேலைக் கடிதம் வந்தாப் பிறகு இதைக் கேட்டிருக்கலாம் அவை," என்று மட்டும் சொன்னாள்.

விசாரணை அறை சிறியது. மேலே இரண்டு காற்றாடி. முன்வரிசையில் ரத்தினம்மா, அவள் மடியில் ஐந்து வயதுப் பெண் குழந்தை. இறந்துபோன மற்ற இருவருக்கும் இங்கே சொந்தம் என்று யாரும் இல்லை. சுவரோரம் மேஸ்திரி வேலாயுதம், தோய்த்து மடித்த வெள்ளைச் சட்டை, கையில் கறுப்புக் குடை. பசுபதி எதிர்பார்த்திருந்த முகம் அதில்லை. நாற்பது வயது, களைத்த கண், நடு வகிடு, தேங்காய் எண்ணெய். இராமசாமி மறுபக்கக் கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தார். பசுபதியைப் பார்த்ததும் இலேசாகத் தலையசைத்தார்.

எல்லாம் ஆங்கிலத்தில் நடந்தது. தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் நின்றபடி திருப்பிச் சொன்னார். மழை அளவைச் சொன்னார்கள். மண்ணின் தன்மையைச் சொன்னார்கள். முட்டுப் பலகைகள் இருந்தன, சரிந்த மண்ணோடு அடித்துப் போயிருக்கும் என்றார் மேஸ்திரி. ரத்தினம்மா எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு, அதே வாக்கியங்களை அதே வரிசையில் சொன்னாள். மொழிபெயர்ப்பாளர் அதைச் சுருக்கினார். நீங்கள் அந்த இடத்தில் இருந்தீர்களா என்று கேட்கப்பட்டது. இல்லை. பலகையை எடுத்ததைக் கண்ணால் பார்த்தீர்களா? இல்லை, அவரு சொன்னாரு. விசாரணை அதிகாரி ஏதோ எழுதிக்கொண்டார். அவர் அவளிடம் மரியாதையாகவே நடந்துகொண்டார்.

பிறகு தலை நிமிர்ந்து கேட்டார். மொழிபெயர்ப்பாளர் திரும்பி அறை முழுவதையும் பார்த்துச் சொன்னார்: "இது சம்பந்தமாகத் தெரிந்ததைச் சொல்ல வேறு யாரேனும் இருக்கிறீர்களா?"

பசுபதி கால்களை ஊன்றினான். முன்னிருக்கையின் மேல்கட்டையைக் கை பற்றியிருந்தது. சொல்ல வேண்டிய ஆங்கில வாக்கியம் மூன்று நாளாகத் தயாராக இருந்தது. அது சாட்சியமாகாது, அவள் சொன்னதை நான் கேட்டேன் என்பதால் என்ன நிரூபணம் ஆகும் என்று உள்ளே ஒரு குரல் நிதானமாக எடுத்துச் சொன்னது. தங்கராஜுவின் குரலாகவும் இருந்தது, தன் குரலாகவும் இருந்தது. இராமசாமி கழுத்தைத் திருப்பி அவனையே பார்த்தார். அவருடைய உடம்பு இருக்கையை விட்டு ஒரு சாண் எழும்பியிருந்தது. பாதி எழுந்த நிலையில், அவனுக்காக, அப்படியே நின்றார். காற்றாடி சுற்றிற்று. ஒரு விநாடி, இரண்டு, மூன்று. அவன் எண்ணுவதை நிறுத்த முடியாமல் எண்ணிக்கொண்டிருந்தான். ஏழுக்கு வந்தபோது இராமசாமி மெதுவாக மீண்டும் உட்கார்ந்தார்.

அதிகாரி பேனாவின் மூடியைத் திறந்தார். மழையினால் நேர்ந்த விபத்து. மூவரின் பெயரையும் வாசித்தார். காத்தமுத்து என்பதைத் தப்பாக உச்சரித்தார்.

இராமசாமி யாரையும் பார்க்காமல் முதல் ஆளாக வெளியேறினார். பசுபதி தாழ்வாரத்துக்கு வந்தபோது மழை வலுத்துவிட்டிருந்தது. வந்தவர்கள் எல்லாம், ரத்தினம்மாவின் வரிசை வீட்டுக்காரர்களும், கூரைக்கடியில் ஒதுங்கி நின்றார்கள். ரத்தினம்மா தூணுக்குப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவள் பசுபதியைப் பார்த்தாள். மழையைப் பார்த்தது போலவே பார்த்தாள். அருகே போக ஓர் அடி எடுத்து வைத்து, நின்றுவிட்டான். தான் வந்தது அவளுக்குத் தெரிந்ததே போதும் என்று ஒரு கணம் நினைத்து, அந்த நினைப்பிலேயே கூசிப்போனான்.

"அம்மா, தண்ணி," என்றது குழந்தை. காலையிலிருந்து அது ஒன்றும் குடித்திருக்கவில்லை போலும், உதடு வெடித்திருந்தது. "அம்மா, தண்ணி."

மேஸ்திரி வேலாயுதம் குடையை விரித்துக்கொண்டு சாலைக்கு எதிர்ப்பக்கக் கடைக்குப் போனார். திரும்பி வந்தபோது முழங்கால் வரை நனைந்திருந்தார். கையில் ஆரஞ்சுப் பானப் புட்டி, அதில் உறிஞ்சுகுழல் செருகியிருந்தது. ரத்தினம்மாவின் முன்னால் குனிந்தார்.

"புள்ளைக்குக் குடு தங்கச்சி. புள்ள என்ன பண்ணும்."

அவள் கை நீட்டவில்லை. குழந்தை நீட்டியது. கண்ணாடிப் புட்டி அதன் இரண்டு கைக்கும் கனமாக இருந்தது, நழுவப் பார்த்தது. ரத்தினம்மா அடியில் கை கொடுத்துத் தாங்கினாள். கூரைக்கடியில் நின்ற அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, அவள் புட்டியைப் பிடித்தபடி இருக்க, குழந்தை கண்ணை மூடிக்கொண்டு, கன்னம் ஒட்ட ஒட்ட, அடி தட்டிச் சத்தம் வரும் வரை உறிஞ்சிக் குடித்தது.